ரூ.6,85,000 வாங்கிக்கொண்டு போலிக் கைப்பையை அனுப்பினார்கள்: மறுவிற்பனைத் தளங்களில் வாங்குவோர் கவனத்திற்கு

உயர்விலைப் பிரெஞ்சுக் கைப்பைகளை ‘அசல் என்று உறுதி செய்யப்பட்டவை’ என விளம்பரம் செய்து விற்கும் இணைய மறுவிற்பனைத் தளம் ஒன்று, எங்களிடம் ஆறு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போலிப் பையை அனுப்பியிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மறுத்து அவர்கள் அனுப்பிய கடைசிக் கடிதம் நேற்றுதான் வந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் எப்படி நம்ப வைத்தார்கள், நம்பியபின் எப்படித் தட்டிக் கழித்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும் என்ற கோபத்தோடு இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குக் கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை இருக்கிறது. பெங்களூரா மாங்காய் வரத்து முடிந்து ஏற்றுமதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் வீட்டின் பெரிய செலவுகளைச் செய்வோம். இந்த ஆண்டு என் தங்கையின் நிச்சயதார்த்தம். அவள் ஆடை வடிவமைப்புப் படித்தவள். ஷனேல் நிறுவனத்தின் சங்கிலி வைத்த தோல் கைப்பை மீது கல்லூரிக் காலத்திலிருந்தே அவளுக்குத் தனி மதிப்பு உண்டு. 1955 பிப்ரவரியில் நிறுவனர் கோகோ ஷனேல் அந்தப் பையை வெளியிட்டபோது, தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் இரு கைகளையும் வீசி நடக்க முடிந்தது என்பதையும், 1983-இல் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் பொறுப்பேற்ற பிறகு அதற்கு இரட்டைச் ‘சி’ பூட்டு வந்தது என்பதையும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் கைக்கு அது வரும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததாலேயே வாங்கித் தர விரும்பினேன்.

புதிய பையை ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அந்த நிறுவனம் வாசனைப் பொருள்களையும் ஒப்பனைப் பொருள்களையும் இணையத்தில் விற்கிறது. கைப்பையையும் ஆடையையும் தன் கடைகளில் மட்டுமே விற்கிறது. நடுத்தர அளவுப் பையின் அமெரிக்க விலை 2019-இல் ஏறத்தாழ 5,800 டாலராக இருந்து, 2024-க்குள் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய பையைத் தேடுவது உலகெங்கும் வசதியானவர்களே செய்யும் காரியம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் அணுகிய தளம் எடுத்த எடுப்பில் பொருளைக் காட்டவில்லை. முதலில் உறுப்பினர் விண்ணப்பம், பிறகு ‘தேர்வு’, பிறகு எனக்கென்று ஓர் ‘உறவு மேலாளர்’. பெரிய பிரெஞ்சு நிறுவனங்கள் அதிகம் செலவழிக்கும் வாடிக்கையாளர்களுக்குத் தனி அறை, தனிச் சந்திப்பு, தனி ஆலோசகர் என்று ஒதுக்குவது உலகறிந்த வழக்கம். ஷனேலே தன் முதன்மை வாடிக்கையாளர்களுக்கென்று தனிக் கடைகள் திறக்கப்போவதாக 2022-இல் அறிவித்தது. அந்த மரியாதையை இந்தத் தளம் அப்படியே நடித்துக் காட்டியது. மேலாளர் நல்ல தமிழில் பேசினார். நிச்சயதார்த்தம் எங்கே, தங்கை என்ன நிறத்தில் பட்டு கட்டப்போகிறாள், மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தார். காணொளி அழைப்பில் வெள்ளைக் கையுறை அணிந்து, கருப்புப் பெட்டியைத் திறந்து, துணி உறையிலிருந்து பையை எடுத்து, பூட்டைத் திருகி, சங்கிலியை இழுத்துக் காட்டினார். 2023-இல் தயாரானது, மும்பையில் ஒரு குடும்பத்தில் இருமுறை மட்டும் பயன்படுத்தப்பட்டது என்றார். அசல்தானா என்று நான் நேராகவே கேட்டேன். “சார், உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி மாதிரிதான். கார்டோட வருது, எங்க வல்லுநர் கையெழுத்தோட வருது. நீங்க நிம்மதியா இருங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் முழுமையாக நம்பினேன். நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே ரூ.6,85,000 அனுப்பினேன், அவர்கள் பெயரிலேயே ரசீதும் வந்தது.

நிச்சயதார்த்த மேடையில் பையைக் கொடுத்தபோது தங்கை அழுதுவிட்டாள். பிறகு சில நாள்கள் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான், “அண்ணா, மனசு கஷ்டப்படாதீங்க. இது அசல் இல்லை, திருப்பிக் கொடுத்துடலாம்” என்றாள். பெட்டிக்குள் இருந்த, அசல் என்று சான்று சொல்லும் அட்டையைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஷனேல் நிறுவனம் 2021-இல் அட்டையையும் வரிசை எண் ஒட்டுத்தாளையும் கைவிட்டு, மின்னணுச் சில்லு பொருத்திய சிறு உலோகத் தகட்டுக்கு மாறிவிட்டது. 2023-இல் தயாரானதாகச் சொல்லப்பட்ட பைக்கு அட்டை இருந்தது, தகடு இல்லை. பூட்டிலுள்ள இரண்டு ‘சி’களும் மேலே வலது எழுத்து இடதின் மீதும், கீழே இடது எழுத்து வலதின் மீதும் பின்னியிருக்க வேண்டும், இதில் நேர்மாறாக இருந்தது. கைப்பையின் பின்புறமுள்ள சிறுபையின் சாய்சதுரத் தையல் கைப்பையின் உடல் தையலோடு பொருந்தவில்லை. பெங்களூருவில் இத்தகைய பைகளைப் பழுது பார்க்கும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனோம். அவரும் அதே மூன்றையும் சுட்டிக்காட்டி, சங்கிலியின் முலாம் இப்போதே உதிரத் தொடங்கியிருப்பதையும் காட்டினார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பொறுக்க முடியாதது. அத்தனை அன்பாகப் பேசிய மேலாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. வேறொருவர் எழுதினார்: “எங்கள் வல்லுநர் குழு சரிபார்த்த பொருள் இது.” அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பிறகு மூன்றாவது ஒருவர், பூட்டோடு கட்டியிருந்த திருப்பியனுப்பும் சீட்டு அறுக்கப்பட்டதால் திருப்பித் தரும் உரிமை போய்விட்டது என்றார். சீட்டை அறுக்காமல் பையை எப்படித் திறப்பது? அடுத்து, தயாரிப்பு நிறுவனமே இது போலி என்று கடிதம் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வெளியில் வாங்கிய பைகளை அந்த நிறுவனம் சோதித்துச் சான்று தருவதில்லை என்பது இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். யாராலும் வாங்க முடியாத கடிதத்தைக் கேட்டுவிட்டு, அது வரவில்லை என்பதால் புகாரை முடித்து வைத்தார்கள். ரூ.6,85,000-க்குப் பதிலாக, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள ரூ.25,000-க்குக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள்.

நேற்று வந்த கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: “இத்தகைய பொருள்களைப் பயன்படுத்திப் பழக்கமில்லாத, முதல்முறை வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு இவ்வகை ஐயங்கள் எழுவது இயல்பே.” பெரிய நகரத்துக்காரர் இதே புகாரைச் சொல்லியிருந்தால் இந்த வரி வந்திருக்குமா? கிருஷ்ணகிரிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற எண்ணம்தான் அதில் இருக்கிறது. என் தங்கைக்கு அந்தப் பையின் ஒவ்வொரு தையலும் தெரியும். மறுவிற்பனையில் போலி கலப்பது வாங்குபவரின் கற்பனையும் அன்று: 2024 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்ற நடுவர் குழு ஒன்று, மறுவிற்பனை நிறுவனம் ஒன்றின் மீது ஷனேல் தொடுத்த வழக்கில் 40 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. உயர்விலை உலகத்தில் கேள்வி கேட்பது நாகரிகமில்லை என்ற ஓர் எண்ணத்தை வாடிக்கையாளரின் மனத்தில் விதைத்துவிட்டு, அதன் மறைவில்தான் இவர்கள் திருடுகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் நிற்கவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து தொடர்ச்சியாகக் காணொளி எடுத்துவையுங்கள். 2021-க்குப் பிறகு தயாரானது என்று சொல்லி அட்டையோடு ஷனேல் பையைக் காட்டினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். கைப்பைக்குப் பேர்போன இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான ஹெர்மெஸ், அசல் அட்டை என்ற ஒன்றை என்றுமே தந்ததில்லை. அப்படி ஓர் அட்டை வந்தால் அதுவே போலிக்குச் சான்று. தொலைபேசியில் சொன்ன உறுதியை எழுத்தில் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். சொந்தச் சரக்கை விற்கும் தளம் அசல் என்று உறுதி சொன்னால், அதற்கான பொறுப்பையும் அதுவே ஏற்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பதற்கான எங்கள் மனுவை வழக்கறிஞர் எழுதிக்கொண்டிருக்கிறார். ரூ.6,85,000-ஐயும், அதற்கான வட்டியையும், என் தங்கைக்கு நேர்ந்த மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேட்கிறோம். ஒரே வகைப் புகார் உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து மனு கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ‘உறவு மேலாளர்’, வெள்ளைக் கையுறை, வரவே முடியாத கடிதம் கேட்கும் நிபந்தனை என்று இதே வரிசையில் ஏமாற்றப்பட்டவர்கள் தருமபுரி, ஓசூர், சேலம் பக்கம் யாரேனும் இருந்தால், ரசீதையும் கடிதங்களையும் அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியே எழுதுங்கள்.