அம்மாவின் கைக்குப் பத்தாத கஃப்: ஒரு பி.பி. மெஷினும் எட்டு மாதமும்

போன ஆடித் தள்ளுபடியில் 2,150 ரூபாய்க்கு ஒரு பி.பி. மெஷின் வாங்கினேன், மேல்கையில் கட்டுகிற ரகம். எட்டு மாதமாக அம்மா, அப்பா இருவருக்கும் அதில்தான் பார்க்கிறோம். மெஷினைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. கூட வந்த கஃப்தான், அதாவது கையில் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டைதான், எங்களை மூன்று மாதம் அலைக்கழித்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, அப்பா கண்ணாடி போடாமலே படிக்கிறார். ஒரே ஒரு பொத்தான்தான். நாலு பென்சில் பேட்டரி போட்டால் நான்கு மாதம் ஓடுகிறது. அடாப்டருக்குத் தனிக் காசு. மெமரியில் 60 அளவுகள் நிற்கும், ஆனால் இருவருடையதும் கலந்துவிடும். அதனால் நோட்டில் எழுதி வைக்கிறோம்.

இனி கஃப். அம்மாவுக்குத் தினமும் மேல் அளவு 145, 148 என்றே வந்தது. நோட்டைப் பார்த்த டாக்டர், இப்படியே இருந்தால் இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்றார். அன்று சாயங்காலம் கஃபை மடித்து வைக்கும்போதுதான் உள்பக்கம் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று இருந்ததைக் கவனித்தேன். அம்மா ஐம்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவர். "என் கை பதினாலு இஞ்ச்டி, அளவு நோட்டிலேயே இருக்கே" என்றார். டேப் வைத்துப் பார்த்தோம். முப்பத்தைந்தரை செ.மீ. கடையில் கேட்டபோது "எல்லார் கைக்கும் சேரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் காட்டிய வழியில், டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து ரத்தக்குழாயின் சத்தத்தைக் கேட்டு அளக்கிறார்கள். வீட்டு மெஷின் எதையும் கேட்பதில்லை. நாடி துடிக்கும்போது கஃபுக்குள் இருக்கும் காற்றில் உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது. கஃப் சிறியதாக இருந்தால் ரத்தக்குழாயை அழுத்தி மூட அதிகக் காற்றழுத்தம் வேண்டும், எண்ணும் ஏறிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 195 பேருக்கு வெவ்வேறு அளவு கஃப் கட்டிப் பார்த்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணக் கஃபில் மேல் அளவு சராசரியாக 4.8 கூடுதலாக வந்திருக்கிறது. அதைவிடவும் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடுதல்! இல்லாத பி.பி.க்கு மாத்திரை தின்ன வைக்க இந்த வித்தியாசம் போதும்.

பெரிய கஃப் தனியாக 850 ரூபாய். வாங்கிக் கட்டியதும் ஒரு வாரச் சராசரி 139/83 என்று வந்தது. வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குள் இருக்க வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். டாக்டர் புது மாத்திரையை இப்போதைக்குச் சேர்க்காமல், உப்பையும் ஊறுகாயையும் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்கு ஊறுகாயை விடுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

அப்புறம் கையை வைக்கும் விதம். அம்மா கையை மடியில் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2024-ல் வந்த இன்னொரு ஆய்வில், கை மடியில் இருந்தால் மேல் அளவு சராசரியாக 3.9, பக்கவாட்டில் தொங்கினால் 6.5 கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். இப்போது தையல் மெஷின் மேஜையில், நெஞ்சு உயரத்துக்கு ஒரு தலையணை வைத்து அதன்மேல் கையை வைக்கிறோம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இந்த ரக மெஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். கஃப் அளவைப் பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தால் ஐந்தும் தந்திருப்பேன். வாங்கப் போகிறவர்கள் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்பாவின் கை 27 செ.மீ. பழைய கஃப் அவருக்குச் சரியாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆணியில் தொங்குவதால், மாறிவிடக் கூடாது என்று அம்மா தன்னுடையதன் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருக்கிறார்.