ஆல்டர்-ஜி டிரெட்மில்: திரை காட்டும் எடையும் எலும்பு தாங்கும் எடையும்

ஆல்டர்-ஜி என்பது காற்றழுத்தத்தால் உடம்பைத் தூக்கி, குறைந்த எடையோடு ஓடவைக்கும் டிரெட்மில். அதன் திரையில் 60 சதவீதம் என்று வைத்தால், 60 கிலோ வீராங்கனை 36 கிலோ எடையோடு ஓடுகிறார். ஆனால் அவருடைய டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, தாங்கும் பாரம் அதே கணக்கில் குறைவதில்லை. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரிலிருந்து, அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் மெல்லிய விரிசலிலிருந்து, மீள்பவர்களுக்கு இந்த இயந்திரத்தைப் பரிந்துரைக்கிறோம். இந்த வித்தியாசம் புரிந்த பிசியோ பக்கத்தில் இருந்தால் மட்டும்.

நாசா ஆய்வாளர் ராபர்ட் வேலனின் யோசனையிலிருந்து பிறந்தது இது. விண்வெளியில் எடையற்றுப் போகும் உடம்பைக் காற்றழுத்தத்தால் கீழே அழுத்துவதுதான் அவருடைய நோக்கம். பூமியில் அதையே தலைகீழாக்கியிருக்கிறார்கள். நியோப்ரீன் டிரவுசரின் இடுப்பைச் சுற்றி ஜிப் இருக்கும். டிரெட்மில்லை மூடிய பெரிய பையின் வாயோடு அதைப் பூட்டியதும் பைக்குள் காற்று நிரம்பி, இடுப்பை மேலே தூக்கும். எடையை, உண்மை எடையில் 20 சதவீதம் ஆகும் வரை, ஒவ்வொரு சதவீதமாகக் குறைக்கலாம். கயிற்றில் தொங்கும் பழைய முறையில் தொடையிடுக்கு அறுபடும். இங்கே அந்த வேதனை இல்லை, கை வீச்சும் இயல்பாக இருக்கும்.

பாரம் ஏன் அதே அளவு குறைவதில்லை? ஓடும்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. டிபியா தாங்கும் விசை அதைவிட மிக அதிகம். அதில் பெரும்பங்கு ஆடுதசை இழுப்பதால் வருவது. காற்று உடம்பைத் தூக்கினாலும், காலை உந்தித் தள்ள ஆடுதசை சுருங்கியே ஆகவேண்டும். எடை குறைந்ததும் மூச்சும் இதயமும் சோம்பிவிடுவதால் பயிற்சியாளர் வேகத்தைக் கூட்டுவார். வேகம் கூடினால் தசை இழுப்பும் கூடும். எடையைக் குறைத்து மிச்சம் பிடித்ததை வேகத்தில் செலவழித்துவிடுகிறார்கள். இந்த இயந்திரத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம் தேறவேண்டும்: 30 நிமிடம் வேகமாக நடந்தாலும் வலி இருக்கக் கூடாது, காயம்பட்ட இடத்தை விரலால் அழுத்தினாலும் வலிக்கக் கூடாது. அதுவரை நீச்சல் குளத்தில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு ஆழ்நீர் ஓட்டம் போதும், செலவும் சொற்பம். பிறகு 50 சதவீதத்தில் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று 10 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், வலி இல்லாவிட்டால் மட்டும் 5 சதவீதம் கூட்டலாம். எடையையும் வேகத்தையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். 90 சதவீதத்தில் இரண்டு முறை வலியில்லாமல் ஓடிய பிறகே தரையில் இறங்கலாம். தொடர்ந்து ஓடினால் சிறிது நேரத்தில் எலும்புச் செல்கள் பாரத்துக்கு மரத்துவிடும், மறுபடி விழிக்கச் சில மணி நேரம் ஆகும். அதனால் பிந்தைய கட்டத்தில் நீண்ட ஒரே ஓட்டத்தைவிட, காலையும் மாலையும் குறுகிய ஓட்டங்கள் நல்லது.

டிரவுசர் சைஸ் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். தொளதொளவென்றிருந்தால் காற்று கசியும், எடைக் கணக்கு தவறும். உள்ளே மெல்லிய இறுக்கமான ஷார்ட்ஸ் அணியுங்கள். சட்டத்தின் உயரம் இடுப்பெலும்பு மட்டத்தில் இருக்கட்டும். இயந்திரம் எடை பார்க்கும் சில நொடிகளில் கைப்பிடியைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த அமர்வு முழுக்கத் தப்புக் கணக்கு. பைக்குள் சூடு ஏறும், வியர்வை வழியும்.

இன்னொன்று: எடை குறையும்போது நிமிடத்துக்கு வைக்கும் காலடி எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொரு காலடியும் நீள்கிறது. தரைக்கு அதே நடையோடு திரும்பினால் ஒவ்வொரு காலடியிலும் தாக்கம் பலமாக இருக்கும். மெட்ரோனோம் (சீரான தாளத்தில் ஒலிக்கும் கருவி) வைத்துப் பழைய எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளுங்கள்.

டிபியாவின் உட்பக்கப் பின்விளிம்பு, பாதத்தின் 2 முதல் 4 வரையிலான நீளெலும்புகள் போன்ற ஆபத்து குறைந்த இடங்களுக்கு இது அருமையாக உதவுகிறது. நேவிகுலர் (பாதத்தின் நடுவில் உள்ள சிறு எலும்பு), டிபியாவின் முன்பக்கம், தொடையெலும்புக் கழுத்தின் மேற்பக்கம் ஆகியவற்றில் காயம் என்றால் விளையாட்டு மருத்துவர் சொல்லாமல் ஏறவே வேண்டாம். எலும்பு முறிந்து விலகினால் அறுவை சிகிச்சைதான்.

இந்த இயந்திரத்தால் சரிசெய்ய முடியாதது, எலும்பை வலுவிழக்கச் செய்யும் பட்டினி. 48 கிலோ கொழுப்பற்ற எடை உள்ளவருக்கு, பயிற்சியில் எரிந்தது போக நாளொன்றுக்குச் சுமார் 2,160 கலோரி மிஞ்சவேண்டும், கிலோவுக்கு 45 என்ற கணக்கில். மாதவிடாய் நின்றுபோன வீராங்கனையை இதில் ஏற்றுவதற்கு முன் அவர் சாப்பாட்டைப் பாருங்கள்.

விலை பல பத்தாயிரம் டாலர் என்பதால், சொந்தமாக வாங்குவதைவிட அமர்வுக் கட்டணம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வோம். 2019இல் பும்ராவுக்கு வந்ததுபோன்ற கீழ்முதுகு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரில், எலும்பை வதைப்பது பந்தை விடும்போது முதுகு வளைந்து முறுக்கிக்கொள்வதுதான். டிரெட்மில் மூச்சைக் காத்துக் கொடுக்கும். முதுகுக்கு, வலையில் போடும் பந்துகளை எண்ணி வாராவாரம் மெல்லக் கூட்டுவதைத்தான் நம்பவேண்டும்.