மாத்திரையா ஊசியா? சுகர்காரங்க சண்டைக்கு ட்ரையல்ஸ் என்ன சொல்லுது

சுகர்காரங்க ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா இப்பல்லாம் இதான் பேச்சு, ஒருத்தர் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைம்பார் இன்னொருத்தர் வாரம் ஒரு தடவ செமாகுளூடைட் ஊசிம்பார். வெறும் சுகர் மருந்தா பாத்தா இந்த சண்டை தீராது, உங்களுக்கு எந்த உறுப்பு ஆபத்துல இருக்குன்னு கேட்டாதான் பதில் கிடைக்கும்.

மாத்திரையோட வேலை சிம்பிள். கிட்னி வடிகட்டுன சுகர திரும்ப ரத்தத்துக்குள்ள இழுத்துக்காம யூரின்லயே தள்ளிவிடும், கூடவே கொஞ்சம் உப்பும் தண்ணியும் போகும். 2015ல இதே குடும்பத்து எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு எம்பா-ரெக்னு ஒரு ட்ரையல் வந்துச்சு, ஏற்கனவே ஹார்ட், ரத்தக்குழாய் பிரச்சனை இருந்த 7020 சுகர் பேஷண்டுங்க, சுமார் மூணு வருஷம். அந்த பிரச்சனையிலயே இறந்தவங்க மருந்தே இல்லாத டம்மி மாத்திரை க்ரூப்ல நூத்துக்கு 5.9, எம்பாகிளிஃப்ளோசின் க்ரூப்ல 3.7. இதத்தான் 38% கம்மின்னு சொல்றாங்க, பொய் இல்ல, ஆனா நூறு பேர்ல ரெண்டு பேர் பொழச்சாங்கன்னு சொன்னா அளவு சரியா புரியும். ஹார்ட் ஃபெயிலியருக்கு அட்மிட் ஆகுறதும் 35% குறைஞ்சுது. ஸ்ட்ரோக் மட்டும் குறையல, இத யாரும் சத்தமா சொல்றதில்ல.

கிட்னிக்கு 2020ல வந்த டாபாகிளிஃப்ளோசின் ட்ரையல் டாபா-சிகேடி. 4304 பேர், அதுல மூணுல ஒருத்தருக்கு சுகரே கிடையாது, அப்பவும் கிட்னியோட வேலை பாதியா குறையுறது, டயாலிசிஸ் வரைக்கும் போறது, கிட்னி ஹார்ட் சாவு எல்லாம் சேத்து 39% கம்மி. எனக்கு மாத்திரை மேல மரியாதை வந்தது இந்த ட்ரையலாலதான்.

ஊசி வேற ரூட். சாப்ட்டா குடல்ல சுரக்குற ஹார்மோன் மாதிரியே நடிச்சு இன்சுலின தூண்டும், பசிய அடக்கும், வெயிட் நல்லா இறங்கும். 2016ல சஸ்டெய்ன்-6ங்கற செமாகுளூடைட் ட்ரையல், 3297 பேர், உயிர் போகாத ஸ்ட்ரோக் டம்மி க்ரூப்ல நூத்துக்கு 2.7, ஊசி க்ரூப்ல 1.6. மாத்திரை கைவிட்ட எடத்துல ஊசி நிக்குது பாருங்க. ஆனா அதே ட்ரையல்ல கண்ணு ரெட்டினா பாதிப்பு கூடுச்சு, சுகர் மடமடன்னு இறங்குனதும் ஒரு காரணமா இருக்கலாங்கறாங்க, அதனால ஊசிக்கு முன்னாடி கண்ண ஒருதடவ காட்டிருங்க. 2024ல ஃப்ளோங்கற இன்னொரு செமாகுளூடைட் ட்ரையல், கிட்னி கெட்டுப்போன 3533 சுகர் பேஷண்டுங்க, கிட்னி ஹார்ட் சேத்து பாத்த கணக்குல 24% கம்மி, பலன் தெளிவா தெரிஞ்சதால முன்கூட்டியே நிறுத்திட்டாங்க.

உடனே 39 பெருசா 24 பெருசான்னு கெளம்பாதீங்க. ரெண்டு மருந்தும் மோதுனது டம்மியோட, ஒண்ணோட ஒண்ணு இல்ல, ஆளுங்களும் வேற, கணக்குல சேத்த விஷயமும் வேற.

என்னோட கணக்கு இது: ஹார்ட் ஃபெயிலியர், கிட்னின்னா மொதல்ல மாத்திரை. ஸ்ட்ரோக் பயம், வெயிட்னா ஊசி. காசும் பேசணும்ல, டாபாகிளிஃப்ளோசின் பேடன்ட் 2020ல முடிஞ்சதும் நம்ம ஊர் கம்பெனிங்க எல்லாம் இறங்கி விலைய தரைக்கு கொண்டாந்துட்டாங்க, எம்பாகிளிஃப்ளோசினும் 2025ல அதே வழிக்கு வந்துச்சு.

தொந்தரவு ரெண்டுலயும் இருக்கு. ஊசின்னா குமட்டல், வாந்தி. மாத்திரைன்னா கீழ அரிப்பு, ஃபங்கஸ், அப்புறம் சுகர் நார்மலா இருக்கும்போதே ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏறுற ஆபத்து, அபூர்வம்தான் ஆனா சீரியஸ், அதனால ஆப்பரேஷன்னா டாக்டர்ட்ட சொல்லி மூணு நாள் முன்னாடியே நிறுத்தணும், வாந்திபேதி வந்து சாப்பாடு தண்ணி இறங்கலன்னாலும் கேட்டு நிறுத்தி வைக்கணும். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல கிட்னி டெஸ்ட்ல பாக்குற கிரியாட்டினின் லேசா ஏறும், அத பாத்துட்டு கிட்னி போச்சுன்னு தானா நிறுத்துறவங்க நெறைய. எங்க சித்தப்பா யூரின் ரிப்போர்ட்ல சுகர் மூணு ப்ளஸ்னு பாத்து ராத்திரி முழுக்க தூங்கல, மாத்திரை வேலை செய்யுதுன்னு அதுக்கு அர்த்தம்னு சொன்னா இன்னும் நம்ப மாட்டேங்கறாரு.