திறந்தவெளியில் நிலக்காட்சி வரைதல்: மூன்று ஆண்டுகளுக்குப் பின்

புகைப்படத்தைப் பார்த்து நிலக்காட்சி வரைவதை விட்டுவிட்டு, வாரம் இருமுறை வெளியே சென்று நேரில் பார்த்து வரையத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கண்ணில் படுவதையெல்லாம் வரையாமல், காட்சியை ஐந்தாறு பெரிய வடிவங்களாகச் சுருக்கக் கற்றுக்கொள்வதே என் நோக்கமாக இருந்தது. இதுவரை ஏறத்தாழ 250 சிறு ஓவியங்கள் சேர்ந்துள்ளன. அவற்றில் பிறரிடம் கூசாமல் காட்டக்கூடியவை முப்பதைத் தாண்டா.

முதல் ஆறு மாதங்கள் வீண் என்றே சொல்ல வேண்டும். பெரிய தாள், மெல்லிய தூரிகைகள், இருபத்து நான்கு வண்ணங்கள் என்று சுமந்து சென்றேன். ஒரு மரத்தின் பட்டையை வரைந்து முடிப்பதற்குள் அதன் நிழல் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். அதைத் துரத்திக்கொண்டே போனதால், ஒரே ஓவியத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பது போன்ற குழப்பம் வந்தது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதால், இரண்டு மணி நேரம் ஒரே ஒளியை எதிர்பார்ப்பது நடவாத காரியம். 1890, 91 ஆண்டுகளில் வைக்கோற்போர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, பல கித்தான்களை உடன் வைத்துக்கொண்டு, ஒளி மாறும்போதெல்லாம் அதற்குரிய கித்தானுக்கு மாறினார். அத்தனையையும் சுமக்கும் தோள் எனக்கு இல்லாததால், 45 நிமிடம் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். நிழல்களின் இடத்தை முதல் ஐந்து நிமிடத்தில் குறித்துவிட்டால், பிறகு வெயில் எங்கே போனாலும் அவற்றைத் தொடுவதில்லை.

உண்மையான மாற்றம் வந்தது 15க்கு 20 சென்டிமீட்டர் தாளுக்கும், 12 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு தட்டைத் தூரிகைக்கும் மாறியபோதுதான். அந்தத் தூரிகையால் இலை வரைய முடியாது. ஆகவே கண்ணும் இலையைத் தேடுவதை மெல்ல நிறுத்திவிட்டு, தழைத்திரளின் வெயில்பட்ட பக்கம் எங்கே முடிகிறது என்று பார்க்கத் தொடங்கியது.

வண்ணத்தைத் தொடுமுன் தீப்பெட்டி அளவில் ஒரு பென்சில் குறிப்பு வரைகிறேன். கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, வெளிர், நடுத்தரம், அடர் என்ற மூன்று டோன்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும். இதில் எனக்கு மிகவும் உதவியது அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் தந்த விளக்கம். ஒளி மேலிருந்து வருவதால், பொதுவாக வானம் மிக வெளிறியும், அதை நோக்கி மல்லாந்து கிடக்கும் சமதரை அதற்கு அடுத்தும், சரிவுகள் அதைவிட அடர்ந்தும், நிமிர்ந்து நிற்கும் மரங்கள் எல்லாவற்றிலும் அடர்ந்தும் தெரியும். வெயில் விழும் வெள்ளைச் சுவர், பனி போன்ற விதிவிலக்குகள் உண்டு. புல்லும் பச்சை, மரமும் பச்சை என்ற எண்ணத்தில் இரண்டையும் ஒரே அடர்வில் பூசி வந்த எனக்கு, தரை ஏன் படுக்காமல் சுவர்போல நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது.

எண்ணெய் வண்ணத்தை நான்கு மாதம் முயன்றேன். ஈரப் பலகையைத் துணியில் படாமல் வீடு சேர்ப்பதே தனிக்கலையாக இருந்ததால் கைவிட்டேன். இப்போது நீரில் கரைத்துப் பூசும் குவாஷ் வண்ணம் மட்டும்தான். ஒளிபுகாத வண்ணமாதலால் அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறத்தை வைக்கலாம், விரைவில் உலர்கிறது. உலரும்போது வெளிர்நிறம் சற்று அடர்வதும் அடர்நிறம் சற்று வெளிறுவதும் அதன் குறை; தாளின் ஓரத்தில் ஒரு தீற்றல் பூசி உலரவிட்டுப் பார்க்கும் பழக்கம் வர ஓராண்டு ஆயிற்று. அல்ட்ராமரைன் நீலம், எலுமிச்சை மஞ்சள், எல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள், ஒரு சிவப்பு, வெள்ளை ஆகிய ஐந்தே போதுமானவையாக உள்ளன. குழாயிலிருந்து நேராக வரும் பச்சை காட்சியோடு ஒட்டுவதே இல்லை. நீலத்தோடு ஓக்கர் கலந்து, துளி சிவப்பால் அடக்கினால்தான் மரம் மரமாகிறது.

யாரும் முன்கூட்டியே எச்சரிக்காத ஒன்று: தாளின் மேல் நேர்வெயில் விழக்கூடாது. வெயிலில் தாள் கூசும் அளவு ஒளிர்வதால் கை தானாக வண்ணத்தை அடர்த்திவிடும். வீட்டுக்குள் வந்து பார்த்தால் நண்பகல் காட்சி அந்திபோல் இருண்டு கிடக்கும். என் முதலாண்டு ஓவியங்களில் பாதி அப்படித்தான் உள்ளன. தாளும் கலவைத்தட்டும் சேர்ந்து நிழலில் இருக்குமாறு அமர்வதே இதற்குத் தீர்வு.

காற்று, எறும்பு, பின்னால் நின்று ‘இது என்ன, மலையா?’ என்று கேட்பவர்கள் ஆகியவை பழகிவிடும். நுணுக்கமான வேலைப்பாட்டில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இம்முறை எரிச்சலூட்டலாம். அவர்களை இதற்கு அழைக்க மாட்டேன்.

தண்ணீர் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடர்ந்த மரத்தின் பிம்பம் நீரில் மரத்தைவிடச் சற்று வெளிறியும், வெளிர்வானத்தின் பிம்பம் வானத்தைவிடச் சற்று அடர்ந்தும் தெரியும் என்பதை அறிந்தே வரைகிறேன்; இருந்தும் முடிவில் அது நிலைக்கண்ணாடியாகிவிடுகிறது. இரண்டு மாதங்களாக ஒரே குளக்கரையில் அமர்ந்து, பிம்பங்களை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் பூசி, ஈரம் காயுமுன் குறுக்கே ஒரு வெளிர்க்கோடு மட்டும் இட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.