பதினான்கு மாதம், இரண்டடித் தொட்டி, ஒரு கைப்பிடி கக்கா ஓடு

போன வாரம் ஏர் பம்பின் ரப்பர் கிழிந்தது. புதிதை மாட்டிவிட்டுக் கை கழுவுவதற்குள் பாறசாலையிலிருந்து அக்கா மகன் போனில் அழைத்தான். "மாமா, உங்கள் வீட்டில் இருப்பதுபோல ஒரு மீன் தொட்டி வாங்கலாமா?" ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில். முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பாதி நேரம் மஞ்சள் நிறத்தைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

தொட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். ஒரு சொட்டுக்கூட இன்றுவரை கசிந்ததில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அப்படித்தான். என் வயிற்றெரிச்சல் எல்லாம் தண்ணீரைச் சோதிக்கும் குப்பிப் பெட்டியின் மேல். சரியாகச் சொன்னால், அந்தப் பெட்டியில் இல்லாத ஒரு குப்பியின் மேல்.

புதுத் தொட்டியைப் பழக்கிய பிறகுதான் மீன் விட வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ பிடிக்கும். மூன்று நாள் போதும் என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. சந்தையில் வாங்கிய இரண்டு இறாலைத் துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்டேன். அது அழுகினால்தான் அம்மோனியா வரும் என்று வீட்டில் விளக்கியபோது கிடைத்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

பத்தாம் நாள் அம்மோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்), சோதனைக் குழாயில் நல்ல பச்சை. மூன்றாம் வாரம் நைட்ரைட் குழாயில் லேசான ஊதா எட்டிப் பார்த்தது. அதோடு சரி. ஐந்தாம் வாரமும் அதே பச்சை, ஏழாம் வாரமும் அதே பச்சை. பாக்டீரியா பாட்டில் ஒன்று வாங்கி ஊற்றினேன், பிறகு இன்னொன்று. அதன் முகப்பில் நைட்ரோபாக்டர் என்று ஒரு பாக்டீரியாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோஸ்பைரா வகைதான் என்று ஆய்வாளர் திமோதி ஹோவனெக் குழுவினர் 1998இலேயே காட்டிவிட்டார்கள். அதைப் படித்த அன்று அந்தப் பாட்டிலைத் திட்டித் தீர்த்தேன். திட்டியது பாவம். உள்ளே எது இருந்திருந்தாலும் என் தண்ணீரில் அது வேலை செய்திருக்காது.

தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். பார்த்தேன்; 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு. மஞ்சள். வண்ண அட்டையில் மஞ்சள் என்றால் 6. ஆனால் அட்டை தொடங்குவதே 6இல்தான். தண்ணீர் 5.5 ஆனாலும் மஞ்சள், 5 ஆனாலும் அதே மஞ்சள். இதே பெட்டியில் அம்மோனியாக் குழாய் மஞ்சளானால் அம்மோனியா இல்லை என்று கொண்டாட வேண்டும், பி.எச். குழாய் மஞ்சளானால் தலையில் கை வைக்க வேண்டும். நண்பர் ஒருவர் சொல்லி, பெட்டியில் இல்லாத கே.எச். குப்பியை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் காரத்தன்மையை அளக்கும் குப்பியைத் தனியாக, தனி விலை கொடுத்து வரவழைத்தேன். நீலம் மஞ்சளாக மாறும்வரை சொட்ட வேண்டும், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. முதல் சொட்டிலேயே மஞ்சள்.

எங்கள் கிணறு வெட்டுக்கல் (செம்புறாங்கல்) பூமியில் தோண்டியது. பருப்பு பூவாக வேகும், சோப்பு கை நிறைய நுரைக்கும், குடித்தால் இனிக்கும் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். எல்லாம் உண்மை. அத்தனை பெருமைக்கும் காரணம் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததுதான். அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனில் ஒரு மில்லிகிராமை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். என் 4 பிபிஎம்முக்கு லிட்டருக்குச் சுமார் 25 மில்லிகிராம் வேண்டும். ஒரு டிகிரி கே.எச். என்றால் 18தான். எங்கள் கிணற்றில் அதுவும் முழுசாக இல்லை. பாக்டீரியா பாதி வழியில் கையிருப்பைத் தின்று தீர்த்து, பி.எச். சரிந்து, முடங்கிவிட்டது. ஏழு வாரம் நான் காத்திருந்தது இதற்கு.

ஆப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றினேன்; கே.எச். மூன்று டிகிரி ஏறியது. பத்தே நாளில் பச்சை வெளிறியது, ஊதா ஏறி இறங்கியது. தொட்டியில் அப்போது மீன் இல்லாதது என் அதிர்ஷ்டம். புளித்த தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நஞ்சான பங்கு அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். 8 ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல். மீன் இருக்கும்போது இப்படிச் சோடாவைக் கொட்டினால் ஒரே இரவில் எல்லாம் மல்லாந்துவிடும். முதலில் தண்ணீரை மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டுத்தான் சோடாவைத் தொட வேண்டும்.

சோடா ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்தோடும் வெளியே போய்விடுகிறது. நின்று வேலை செய்தது கக்கா ஓடுதான், அதாவது சிப்பி ஓடு. தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் சும்மா கிடக்கிறது. உப்புப் போக அலசி, கொதிக்கவைத்து, வலைப்பையில் ஒரு கைப்பிடி கட்டி, ஃபில்டர் குமிழி கிளம்பும் இடத்தில் வைத்தேன். தண்ணீர் புளித்தால் வேகமாகக் கரைகிறது, தெளிந்தால் அடங்கிவிடுகிறது. ஓராண்டாக பி.எச். 7க்கும் 7.2க்கும் நடுவிலேயே நிற்கிறது. இத்தனை பணம் கொட்டிய பிறகு இலவசமாகக் கிடைத்தது ஜெயித்ததில் எனக்குச் சிறுபிள்ளைத்தனமான சந்தோஷம். ஒன்று மட்டும்: ஓட்டைத்தான் போட வேண்டும், அதை நீற்றிய சுண்ணாம்பை அல்ல. அது பி.எச்.சை உச்சிக்குக் கொண்டுபோய்விடும்.

பெட்டிக்கும் நியாயம் செய்ய வேண்டும். பதினான்கு மாதத்தில் குப்பிகள் பாதிதான் காலி. நைட்ரேட்டின் இரண்டாம் குப்பியை அரை நிமிடம் ஓங்கிக் குலுக்கவேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. நான் படிக்காமல், நாலு மாதம் 5 பிபிஎம் என்று நிம்மதியாக இருந்தேன். குலுக்கிப் பார்த்தால் 40. இது என் தவறுதான். முதலில் விட்ட ஆறு கப்பி மீன் இப்போது எத்தனை ஆயிற்று என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது. இரவில் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மக்களே, வாங்காதே" என்றேன். ஏழு வாரப் பச்சை இன்னும் கண்ணில் நிற்கிறது. "சரி மாமா" என்றான். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் தேங்காய்ப்பட்டணம் போய் இருவரும் ஒரு பை நிறைய ஓடு பொறுக்கினோம். தொட்டியை அவன் சனிக்கிழமையே வாங்கிவிட்டிருந்தான்.

நேற்று இரவு படம் அனுப்பினான். சோதனைக் குழாய், மஞ்சள். "நல்லதுதானே மாமா?"

எந்தக் குப்பி என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.