க்யூபிக்கா, பிபிஆரா? கொழும்பிலிருந்து லண்டனுக்குப் பெரிய கோப்பு அனுப்புகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்களுக்கு எடிட்டிங் வேலை. லண்டன், டொரன்டோ கல்யாண வீடியோக்களை இங்கே தொகுத்துத் திருப்பி அனுப்புகிறோம். ஒரு கல்யாணம் என்றால் 100 ஜிபி சாதாரணம். அனுப்பும் லினக்ஸ் மெஷினில் நெரிசல் கட்டுப்பாட்டை, அதாவது லைன் நெரியாமல் எவ்வளவு வேகத்தில் அனுப்பலாம் என்று முடிவு செய்யும் முறையை, க்யூபிக்கிலிருந்து (CUBIC) பிபிஆருக்கு (BBR) மாற்றிவிட்டோம். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

க்யூபிக் மோசம் இல்லை. 2006 முதல் லினக்ஸில் இயல்பாக இருப்பது அதுதான். பழைய ரெனோ முறையை விட, நீண்ட தூரத்தில் வேகம் குறைந்த பின் சீக்கிரம் மீளும். சிங்கப்பூர் சர்வருக்கு அனுப்பும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை.

விஷயமே பாக்கெட் (கோப்பை உடைத்து அனுப்பும் சிறு துண்டு) தொலைவதில்தான் இருக்கிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால் க்யூபிக் அதை நெரிசல் என்றே எடுத்துக்கொண்டு, விண்டோவை, அதாவது பதில் வருமுன் வழியில் விடும் பாக்கெட் அளவை, 30 சதவீதம் குறைத்துவிடும். ஆனால் ஃபைபர் முனையில் அழுக்கு இருந்தாலும் பாக்கெட் தொலையும், கடற்காற்றில் துருப்பிடித்த செம்புக் கம்பி ஜாயின்டிலும் தொலையும். லண்டனுக்குப் போய்வர 150 மில்லிசெக்கன், 1000 பாக்கெட்டுக்கு ஒன்று தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். க்யூபிக்கின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் சராசரி விண்டோ 45 பாக்கெட், அதாவது சுமார் 3.5 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் லைனுக்குக் காசு கட்டியும் அவ்வளவுதான்! இரண்டே கால் மணித்தியாலத்தில் போக வேண்டிய 100 ஜிபி, இரண்டரை நாளைத் தாண்டும்.

பிபிஆர் கூகுள் பொறியாளர்கள் உருவாக்கியது. 2016 இறுதியில் லினக்ஸ் 4.9இல் சேர்ந்தது. நாலைந்து பாக்கெட் தொலைந்ததற்காக இது பின்வாங்காது. பாதை செக்கனுக்கு எவ்வளவு கொண்டுசேர்க்கிறது, ஆகக் குறைந்தது எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, இரண்டையும் அளந்து அதற்கேற்ற வேகத்தில் சீராக அனுப்பும். வேக வரைபடத்தில் 10 செக்கனுக்கு ஒருமுறை சின்னப் பள்ளம் விழுந்தால் லைனில் பிழை என்று நினைக்க வேண்டாம். பதில் நேரத்தைப் புதிதாக அளக்க, சுமார் 200 மில்லிசெக்கன் 4 பாக்கெட்டுக்கு இறங்கி ஏறுகிறது, அவ்வளவுதான்.

குறையும் உண்டு. வழியில் உள்ள ரவுட்டர்களில் பாக்கெட் காத்திருக்கும் இடம் (பஃபர்) சிறிதாக இருந்தால் பிபிஆரின் முதல் பதிப்பு பக்கத்து க்யூபிக் இணைப்புகளை நெருக்கும். மறுபடி அனுப்புவதும் கூடும், மாத டேட்டா வரம்பு உள்ளவர்களுக்கு அது செலவு. அதனால் பகலில் வேகத்துக்கு வரம்பு போட்டு, இரவில் திறந்துவிடுகிறோம். இது ஒரே ஆபீஸ், ஒரே லைன் அனுபவம்தான். 10 ஜிபிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

மாற்றுவது சுலபம், லினக்ஸ் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் (sysctl) ஒரு வரி. லண்டன்காரரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அனுப்பும் மூல ஃபுட்டேஜ் இதனால் வேகமாக வராது. அனுப்பும் பக்கம்தான் முடிவு செய்யும். அப்புறம், அனுப்பும் மெஷினின் பஃபரையும் (அனுப்பிப் பதில் வராத டேட்டாவை வைத்திருக்கும் நினைவகம்) பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் லைனை 150 மில்லிசெக்கன் தூரத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 19 எம்பி வழியில் இருக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் உச்சம் 4 எம்பிதான். அதைக் கூட்டாமல் பிபிஆரைப் போட்டாலும் அந்த லைன் நிரம்பாது.