காவடி ஊர்வலத்துக்கும் கடற்கரைக்கும் எந்த மைக்?

மொரிஷியஸில் திறந்தவெளியில் படம்பிடிப்பவர்களுக்கு இரண்டு வகை இரைச்சல்கள் தொல்லை தருகின்றன. தைப்பூசத்தன்று காத்ர் போர்னின் மலைக்கோயிலுக்குச் செல்லும் வழியில் மேளமும் ஒலிபெருக்கியும் கூட்டமும் சேர்ந்து எழுப்பும் ஓசை ஒன்று. சுய்யாக் பக்கத்துக் கிரி-கிரி போன்று பவளத்திட்டின் தடுப்பு இல்லாத கரையில் அலையும் தென்கிழக்குக் காற்றும் எழுப்பும் ஓசை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒருவர் பேசுவதைத் தெளிவாகப் பதிவு செய்ய எந்தத் திசை மைக் (ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும் மைக்) ஏற்றது என்பதை, கடைகளில் அடிக்கடி எதிரெதிரே வைத்துப் பேசப்படும் ரோட் வீடியோமைக்ரோ, சென்ஹைசர் எம்.கே.இ. 600, சென்ஹைசர் எம்.கே.எச். 416 ஆகிய மூன்றைக் கொண்டு பார்க்கலாம்.

துளைகள் கொண்ட நீண்ட குழலுடைய ஷாட்கன் மைக் தொலைவில் இருப்பவரின் குரலை அருகில் இழுத்துவரும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, அது சரியன்று. முன்னாலிருந்து வரும் ஒலியை அது பெரிதாக்குவதில்லை, பக்கவாட்டிலிருந்து வருவதைக் குறைக்க மட்டுமே செய்கிறது. பக்க ஒலி குழலின் வெவ்வேறு துளைகள் வழியாகச் சற்று முன்பின்னாக உள்ளே நுழைந்து, ஒன்றையொன்று தணித்துக்கொள்கிறது. ஆனால் அலைநீளம் குழலின் நீளத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் இந்தத் தணிப்பு நடப்பதில்லை. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு அது 3.4 மீட்டர். எனவே 25 செ.மீ. குழலால் தவிலின் தொப்பிப் பக்க முழக்கத்தையோ பேருந்தின் உறுமலையோ ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பது மைக்கின் அடிப்படைத் திசைத்தன்மைதான். முன்பக்க ஒலியை மிகுதியாகவும் பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும் சூப்பர்கார்டியாய்டு வகையில் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 பாகை திரும்பிய இடத்தில் உணர்திறன் மிகக் குறைவு. மேளக்காரர்கள் அந்தக் கோணத்தில் அமையும்படி நின்றால், விலை கூடிய மைக்கைவிட அதிகப் பயன் கிடைக்கும்.

அதைவிடவும் பெரிது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயர்கிறது; சுற்றியுள்ள இரைச்சலோ அப்படியே இருக்கிறது. இந்த ஒரு கணக்கை ஒப்புக்கொண்டால் ஒப்பீட்டில் பாதி முடிந்துவிடுகிறது. கேமராவின் தலையில் ஏற்றி இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்திய எம்.கே.எச். 416, பேசுபவர் அருகே நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பத்தில் கட்டி அரை மீட்டரில் பிடித்த எம்.கே.இ. 600-இடம் தோற்கும்.

வீடியோமைக்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடை 42 கிராம், தனி மின்கலம் வேண்டாம், காற்றோசையைத் தடுக்கும் உரோம உறையும் பெட்டியிலேயே வருகிறது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடப்பவருக்கு அது ஏற்றது. ஆனால் குழலே இல்லாத, பின்பக்க ஒலியை மட்டும் நன்கு குறைக்கும் சாதாரண கார்டியாய்டு வகை என்பதால், பேசுபவரை நெருங்கினால் மட்டுமே பலன் தரும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். நீளம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எடையில் 600 இலேசு, 128 கிராம். தன்னிரைச்சல், அதாவது மைக்கின் சுற்றே எழுப்பும் மெல்லிய இரைச்சல், 416-இல் 13 டெசிபல், 600-இல் 15. அமைதியான அறையில் பொருட்படுத்தத்தக்க இந்த வேறுபாட்டை ஊர்வலத்தில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. 600-இல் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தான் உண்டு, 416-இல் இல்லை. கடற்காற்றில் அந்தச் சிறு பொத்தான் பெரிய உதவி.

அப்படியிருந்தும் 416 இத்தனை மதிப்புப் பெற்றதற்கு நம் தீவில் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. தைப்பூசம் விழும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் மழையும் புழுக்கமும் மிகுந்தவை. மின்னூட்டம் பெற்ற சவ்வின் அசைவால் ஒலியை உணரும் வழக்கமான கண்டென்சர் மைக்கின் உட்சுற்றில் ஈரம் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு, பதிவில் படபடவென்ற ஓசை கேட்கக்கூடும். 416-இன் சவ்வு உயர் அதிர்வெண் சுற்றில் இயங்குவதால் அத்தகைய கசிவு அதை எளிதில் பாதிப்பதில்லை. ரோட் என்.டி.ஜி.3-உம் இதே முறையில் இயங்குவதுதான். பணம் யோசிக்க வைத்தால் அதையும் விசாரிக்கலாம்.

காற்றைப் பொறுத்தவரை மூன்றுக்கும் வேறுபாடு பார்ப்பது வீண். திசை மைக் எதுவாயினும் காற்றுக்கு மிகவும் கூசும்; பஞ்சு உறை கடற்கரையில் போதாது, உரோம உறையோ, அதை மேலே போர்த்தி மைக்கைச் சுற்றி அமையும் கூண்டுறையோ வேண்டும். சவுக்குத் தோப்பு மறைவில் நின்றால் நல்லது என்று நினைக்கத் தோன்றும்; அங்கே காற்று குறைந்தாலும் சவுக்கின் சீழ்க்கை கூடிவிடுகிறது.

காலர் மைக்கே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. முன்கூட்டி ஏற்பாடு செய்த நேர்காணலுக்கு அது நிச்சயம் போதும், பல வேளைகளில் மேலானதும்கூட. மேற்சட்டை இல்லாமல் வியர்வையில் நனைந்து வரும் காவடிக்காரருக்கு அதை எங்கே மாட்டுவது?

என் தேர்வு, ஆண்டுக்குச் சில விழாக்களைப் பதிவு செய்பவருக்கு எம்.கே.இ. 600-உம் ஒரு நல்ல பூம் கம்பமும். மழைக்காலத்திலும் தொழிலாகவே படம்பிடிப்பவருக்கு 416. பின்னதை வாங்குமுன் கேமராவோ பதிவுக்கருவியோ 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் (மைக்கின் கம்பி வழியாகவே அதற்குச் செல்லும் மின்சாரம்) தருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சிறு கேமராக்கள் பலவற்றில் அது இல்லை. 600-ஐ இயக்க ஒரு ஏஏ மின்கலமே போதும்.